கடலுக்குள் கட்டப்படும் பார்: செயற்கைப் பவளத்திட்டுகளை மலையோரப் பள்ளியில் கற்பித்தல்

ஆலங்காயம் பகுதிப் பிள்ளைகளுக்கு வானம் தெரிந்த அளவுக்குக் கடல் தெரியாது. பக்கத்திலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி ஆறாம் வகுப்பு மாணவர்கூட நான்கு வாக்கியம் சொல்வார். கடலைப் பற்றிக் கேட்டால் 'உப்பு', 'அலை', 'சுனாமி' என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடுவார்கள். 'பவளம்' என்றால் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல். அது உயிரி என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

அவர்கள் சிரிப்பதில் தவறில்லை. நகைப் பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் போன்ற தொலைதூரக் கடல்களில் ஆழத்தில் வளரும் வேறொரு வகை. நம் மன்னார் வளைகுடாவில் பாறைத்திட்டுகளைக் கட்டுபவை கல்பவளங்கள். இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர் இருப்பதால் இந்தக் குழப்பத்தை முதல் வகுப்பிலேயே தீர்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பாடம் முழுவதும் பிள்ளைகளின் மனத்தில் மோதிரம்தான் இருக்கும்.

பவளத்தைப் பற்றிப் பாடநூலில் உள்ள சில வரிகளை நடத்தி முடிக்க ஐந்து நிமிடம் போதும். நான் அதை நான்கு பாடவேளைகளாக நீட்டி நடத்துகிறேன். அதற்கு எனக்குக் கைகொடுப்பது செயற்கைப் பவளத்திட்டு என்ற ஒரே பொருள்தான். கான்கிரீட் கட்டிகளை வார்த்துக் கடலுக்குள் இறக்கி மீனுக்கும் பவளத்துக்கும் இருப்பிடம் அமைக்கும் வேலை அது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணக்கு, புவியியல் ஆகிய ஐந்தும் அதில் இருக்கின்றன. அதோடு, இது நம் மாநிலத்திலேயே நடந்துகொண்டிருக்கும் வேலை.

முதலில் இயற்கைத் திட்டு எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். பவள உயிரி, பாலிப் எனப்படும் மிகச் சிறிய மெல்லுடல் விலங்கு. கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் அடியில் ஒரு கிண்ணம்போலச் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பாலிப்புக்குப் போகிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் இந்தப் பாசிகளே காரணம். நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாகிச் சில வாரங்கள் அப்படியே நீடித்தால் பாலிப் இந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். பவளம் வெளுத்துப்போகும். வெளுத்த உடனே அது இறப்பதில்லை. சூடு தணிந்தால் மீண்டும் பாசியை ஏற்றுப் பிழைக்கலாம். தணியாவிட்டால் பட்டினியால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படிப் பெரிய அளவில் வெளுப்பு ஏற்பட்டது.

பவளக்கூடு என்பது கால்சியம் கார்பனேட். நம் பிள்ளைகளுக்கு நன்கு பழகிய பொருள்தான் அது. முட்டை ஓடு, நத்தை ஓடு, சுண்ணாம்புக்கல், கரும்பலகையில் எழுதும் பழைய சாக்குக்கட்டி எல்லாம் அதே பொருளால் ஆனவை. நத்தை ஓட்டின் மீது எலுமிச்சைச் சாற்றை விட்டு நுரைவதைக் காட்டிவிட்டு, 'கடலில் ஒரு பூச்சி இதே பொருளால் ஊர் கட்டுகிறது' என்று சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். பூச்சி என்பது அறிவியல்படி சரியல்ல என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சுண்ணாம்பாக இருந்ததே பவளத்துக்கு வினையாகவும் முடிந்தது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிலும் பவளத்திட்டுகள். 1986-இல் இப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பிருந்தே பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பயன்படுத்திவந்தார்கள். கடற்கரை ஊர்களின் பழைய சுவர்களில் இன்றும் பவளக்கற்களைப் பார்க்கலாம். பவளத்திட்டு என்பது தீவுக்கு முன்னால் நிற்கும் வேலி. அது போனதும் அலை நேராகத் தீவின் மணலில் மோதியது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. வகுப்பில் தீவுகளின் பட்டியலை எழுதி, இந்த இரண்டு பெயர்களையும் சாக்குக்கட்டியால் அடித்துக் காட்டுவேன். அந்த நேரத்தில் வகுப்பறை அமைதியாகிவிடும். வரைபடத்திலிருந்து ஓர் ஊரை அடிப்பது பிள்ளைகளுக்குப் புரியும் இழப்பு.

மிச்சமிருக்கும் தீவுகளும் நிலையாக இல்லை. தூத்துக்குடிப் பகுதியில் உள்ள காரியாச்சல்லித் தீவு 1969-இல் சுமார் 21 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. 2018-இல் அது 6 ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. 'எத்தனை சதவீதம் குறைந்தது?' என்பது ஏழாம் வகுப்புக்கு ஒரு நல்ல கணக்கு. அதே தொகுப்பில் தூத்துக்குடிக்கு மிக அருகில் இருக்கும் வான் தீவின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. விட்டால் மூழ்கும் மூன்றாவது தீவு அதுதான் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

அங்கேதான் செயற்கைத் திட்டு வருகிறது. மத்திய அரசின் காலநிலை மாற்றத் தகவமைப்பு நிதியிலிருந்து சுமார் 25 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று மன்னார் வளைகுடாவுக்குக் கிடைத்தது. தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல் துறை, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து வேலை செய்தன. 2015-இல் தொடங்கி, வான் தீவின் கடல்பார்த்த பக்கத்தில் ஆயிரக்கணக்கான கான்கிரீட் கட்டிகளை இறக்கினார்கள். அடி அகன்று மேலே குறுகிய சரிவக வடிவம். உள்ளே கூடு, பக்கங்களில் துளைகள். தொடர்ச்சியான சுவராக இல்லாமல், இடைவெளி விட்டு அடுக்கடுக்காக வைத்தார்கள். தீவு மேலும் கரைவது தடுக்கப்பட்டது. கட்டிகளுக்கும் தீவுக்கும் இடையே மணல் சேரத் தொடங்கியது. கட்டிகளின் மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டின, மீன்கள் வந்தன. இந்த அனுபவத்தை வைத்துத்தான் உலக வங்கி உதவியுடனான தமிழ்நாடு அரசின் 'டிஎன்-ஷோர்' திட்டத்தில் இப்போது காரியாச்சல்லியை மீட்கும் பணி எடுக்கப்பட்டிருக்கிறது.

'கட்டியில் ஏன் சார் ஓட்டை?' இந்தக் கேள்வி எல்லா ஆண்டும் வருகிறது. இந்தப் பாடத்தின் மையமே அதுதான் என்பதால் நான் அவசரப்படாமல் மூன்று பதில்களையும் வெவ்வேறு நாளில் தருகிறேன்.

முதல் பதில் அலையைப் பற்றியது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு மீட்டர் உயர அலை திட்டைத் தாண்டும்போது 60 சென்டிமீட்டராகக் குறைந்தால், ஆற்றல் 0.6-இன் வர்க்கமான 0.36 பங்காகிவிடும். உயரம் 40 சதவீதம்தான் குறைந்தது. ஆற்றலோ 64 சதவீதம் போய்விட்டது. ஆகவே அலையை முழுவதும் நிறுத்தத் தேவையில்லை, சற்றுத் தடுக்கினாலே போதும். முழுச் சுவர் கட்டினால் அலை அதில் மோதித் திரும்பி, சுவரின் அடிமணலைத் தோண்டும். துளையுள்ள கட்டியில் நீர் உள்ளே புகுந்து, சுழன்று, உராய்ந்து தன் ஆற்றலை இழக்கிறது. கட்டியின் மீது விழும் தள்ளுவிசையும் குறைகிறது.

இரண்டாவது பதில் கணக்கு ஆசிரியருக்கு. ஒரு மீட்டர் பக்கமுள்ள கான்கிரீட் கனசதுரத்தைத் தரையில் வைத்தால், உயிரிகள் ஒட்டக்கூடிய முகங்கள் ஐந்து. பரப்பு 5 சதுர மீட்டர். இப்போது ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் துளை ஒன்றைப் போடுவோம். வெளிமுகங்களில் இழப்பது 2 × 0.09 = 0.18 ச.மீ. துளையின் உட்சுவர்கள் நான்கும் தருவது 4 × 0.3 × 1 = 1.2 ச.மீ. ஆக மொத்தம் 6.02 ச.மீ. கான்கிரீட் 9 சதவீதம் குறைந்தது, பரப்பு 20 சதவீதம் கூடியது. இதைச் செய்துமுடித்ததும், 'இரண்டு துளை போட்டால்?' என்று தாங்களாகவே கேட்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று வெட்டாத துளைகள், வெட்டும் துளைகள் என்று பிரித்துக் கொடுத்தால் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வாரத்துக்கான வேலை இருக்கிறது.

மூன்றாவது, குடியிருப்பவர்களைப் பற்றியது. களவா மீன் பொந்தில் ஒளிந்து இரைக்குக் காத்திருக்கும். சிங்கி இறால் பகலில் இருட்டுப் பொந்தைத் தேடும். சிறு மீன்களுக்குப் பெரிய மீன் நுழைய முடியாத துளை வேண்டும். நம் ஊரில் கிணற்றுச் சுவரின் பொந்துகளில் கிளி, மைனா, பாம்பு எல்லாம் தங்கள் அளவுக்குத் தகுந்த இடம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன அதே துளைக் கட்டியை வைத்து ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தையும் நடத்தலாம். கன அளவு 0.91 கனமீட்டர். கான்கிரீட்டின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 2400 கிலோ. ஆகவே நிறை 2184 கிலோ. கடல்நீரின் அடர்த்தி சுமார் 1025. அது வெளியேற்றும் நீரின் நிறை ஏறக்குறைய 933 கிலோ. நீருக்குள் கட்டி வெறும் 1251 கிலோபோலத்தான் நடந்துகொள்ளும். கரையில் அசையாத கட்டியைப் புயல் அலை கடலுக்குள் ஏன் புரட்டிவிடுகிறது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. அதனால்தான் அடியை அகலமாக வைக்கிறார்கள்.

கட்டியைப் போட்டவுடன் மறுநாளே பவளம் வளர்ந்துவிடுவதில்லை. முதலில் பாக்டீரியாக்கள் மெல்லிய வழவழப்பான படலமாகப் படியும். அடுத்துப் பாசி. பிறகு கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு. சுண்ணாம்பேறிய ஒருவகைச் செம்பாசி படிந்த இடங்களைப் பவளத்தின் இளவுயிரிகள் விரும்பித் தேர்ந்தெடுத்து ஒட்டுகின்றன. இளவுயிரி ஒட்டிய பிறகும் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். கிளைவிடும் பவளங்கள் ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வளரலாம். உருண்டைப் பவளங்கள் அதைவிட மிக மெதுவாகவே வளரும். இதை விரைவுபடுத்த, உயிருள்ள பவளத்தின் சிறு துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டி நடும் முறையும் உண்டு. தூத்துக்குடி நிறுவனம் 2002 முதல் இதைச் செய்துவருகிறது. முருங்கைப் போத்து நடுவதுபோல என்று நான் சொல்வதுண்டு. ஒப்புமை முழுவதும் பொருந்தாது என்றாலும், ஒரு துண்டிலிருந்து முழு உயிர் வளரும் என்ற கருத்து பதிந்துவிடுகிறது.

வான் தீவுத் திட்டின் நோக்கம் நிலத்தைக் காப்பது. மீனுக்காகவே போடப்படும் திட்டுகளும் உண்டு. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைப்பகுதியைப் 'பார்' என்பார்கள் நம் மீனவர்கள். மரக்கிளைகளையும் தென்னை மட்டைகளையும் கல்லில் கட்டி இறக்கி மீனைக் கூட்டும் வழக்கம் நம் கடற்கரையில் பழையது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அந்த அறிவைக் கான்கிரீட்டில் வடிவமைத்து, முக்கோண வடிவம், வளைய வடிவம் எனப் பலவகைக் கட்டிகளை மீன்வளத் துறையோடு சேர்ந்து தமிழகக் கடலோரம் இறக்கிவருகிறது. கரையோர மீனவருக்கு இதில் இரண்டு நன்மை. தூரம் போகாமல் மீன் கிடைக்கிறது, எரிபொருள் மிச்சமாகிறது. கட்டிகள் இருக்கும் இடத்தில் இழுவைமடி வலையை இழுக்க முடியாது. இழுத்தால் வலை கிழியும். சட்டத்தால் முழுவதும் தடுக்க முடியாததைச் சில இடங்களில் கல் தடுக்கிறது.

மூன்றாவது வகை மக்கள் பார்ப்பதற்காக அமைக்கப்படுவது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பாம் பீச் மாவட்ட நிர்வாகம், பில் ஃபாஸ்டர் பூங்கா என்ற நீர்க்கரைப் பொதுப் பூங்காவில் 2012-இல் இப்படி ஒன்றை அமைத்தது. சுண்ணாம்புப் பாறைகளையும் கட்டிகளையும் ஆறு முதல் பத்து அடி ஆழத்தில் பாதைபோலப் பரப்பியிருக்கிறார்கள். கண்ணாடி முகமூடியும் வாயில் வைத்துக்கொள்ளும் மூச்சுக்குழாயும் இருந்தால், கரையிலிருந்தே நீந்திப்போய் மேலே மிதந்தபடி கீழே உள்ள மீன்களைப் பார்க்கலாம். படகு வேண்டாம், காற்று உருளையும் வேண்டாம். ஓதம் ஏறி உச்சத்தில் நிற்கும் வேளையில் நீர் தெளிந்து ஓட்டமும் அடங்கியிருக்கும் என்பதால் அந்த நேரம் பார்த்து இறங்குகிறார்கள். கீழே ஆள் இருப்பதைப் படகுகளுக்குக் காட்டும் கொடியோடுதான் நீந்த வேண்டும்.

'நம் மெரினாவில் ஏன் இப்படி ஒன்று இல்லை?' என்பதை ஒரு விவாதமாகவே நடத்தினேன். பிள்ளைகள் பணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். பணத்தைவிடப் பெரிய காரணம் இயற்கை. மூச்சுக்குழாயோடு மிதப்பவருக்கு ஆழம் குறைந்த, அலை அடங்கிய, தெளிந்த நீர் வேண்டும். சோழமண்டலக் கரையில் அலை நேராக வந்து உடைகிறது, மணல் கலங்குகிறது, கரையோர நீரோட்டம் ஆளை இழுக்கிறது. பில் ஃபாஸ்டர் பூங்கா இருப்பது திறந்த கடலில் அல்ல, ஒரு காயலுக்குள். அமைதியான நீர் உள்ள நம் மன்னார் வளைகுடாத் தீவுகளோ பாதுகாக்கப்பட்ட பூங்கா. அனுமதியின்றி அங்கே போக முடியாது, போகவும் கூடாது. மக்கள் கண்ணால் பார்த்தால்தான் அக்கறை வரும் என்று ஓர் அணி. மக்கள் போனாலே கெடும் என்று மற்றோர் அணி. என்னைக் கேட்டால், இயற்கைத் திட்டை விட்டுவிட்டு, ஏற்கெனவே மனிதர் கூடும் கரையில் செயற்கையாக ஒன்றைக் கட்டிக் காட்டுவது இரண்டுக்கும் வழி. கூட்டம் அங்கே போகும், உண்மையான பவளம் தப்பிக்கும். ஆனால் அதற்குத் தோதான கரை வேண்டும் என்ற நிபந்தனையை மறக்கக்கூடாது.

நமக்கு எட்டும் தொலைவில், பொதுமக்கள் உலாவும் கரைக்கு எதிரே உள்ள திட்டு புதுச்சேரியில் இருக்கிறது. அங்கே கடற்கரைச் சாலைக்கு முன்னால் ஒருகாலத்தில் மணல் இருந்தது. தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் நீட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே நகரத்தின் முன்னால் மணல் கரைந்துபோய், பல ஆண்டுகள் வெறும் கருங்கல் குவியல்தான் கரையாக நின்றது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் கடலடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. அலையின் வேகம் அதில் குறைய, மணல் மீண்டும் படிந்தது. காந்தி சிலை அருகே மக்கள் திரும்பவும் மணலில் நடந்தார்கள். திட்டு நீருக்கடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தெரியும் மணலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம்.

இவ்வளவு சொன்னபின், கடலில் எதைப் போட்டாலும் நன்மைதான் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடக் கூடாது. அதற்கு டயர் கதையைச் சொல்ல வேண்டும். 1970-களில் புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் நகருக்கு எதிரே, பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகக் கடலில் போட்டு ஆஸ்பார்ன் திட்டு என்று பெயரிட்டார்கள். சுமார் 20 இலட்சம் டயர்கள். குப்பையும் ஒழியும், மீனும் சேரும் என்று எண்ணினார்கள். கட்டியிருந்த கம்பிகளும் பட்டைகளும் அறுந்தன. எடை குறைந்த டயர்கள் ஒவ்வொரு புயலிலும் உருண்டுபோய்ப் பக்கத்திலிருந்த இயற்கைப் பவளத்தை நசுக்கின. பின்னாளில் இராணுவ முக்குளிப்பவர்களைக் கொண்டு அவற்றை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. நாம் போட்ட 1251 கிலோ கணக்கோடு இதைச் சேர்த்து, 'டயரின் அடர்த்தி கடல்நீரைவிட எவ்வளவு அதிகம்?' என்று கேட்டால் போதும். மிகச் சிறிதளவே அதிகம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கான்கிரீட்டுக்கும் வரம்பு உண்டு. கடல் சூடானால் இயற்கைப் பாறையில் உள்ள பவளம் எப்படி வெளுக்குமோ, அப்படியே கட்டியின் மேல் உள்ள பவளமும் வெளுக்கும். திட்டு மீனைப் புதிதாகப் பெருக்குகிறதா, அல்லது அங்குமிங்கும் இருந்த மீனை ஓரிடத்தில் கூட்டிப் பிடிப்பதை எளிதாக்குகிறதா என்ற விவாதம் அறிஞர்களிடையே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இடத்தைப் பொறுத்து இரண்டும் உண்மையாக இருக்கலாம். கலங்கிய நீரில் பவளம் வளராது. மண் அதன் மேல் படிந்தால் மூச்சுத் திணறும், வெளிச்சமும் கிடைக்காது. மலைக்காடு அழிந்து கரைந்த மண் ஆற்றோடு போய்ச் சேரும் இடம் கடல்தான். நம் சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலந்து, கல்பாக்கத்தை ஒட்டி வாயலூர் அருகே வங்கக்கடலில் சேர்கிறது. மலைப்பிள்ளைகளுக்கும் கடலுக்கும் உள்ள நேரடி உறவு இது. வரைபடத்தில் விரலை வைத்து ஆற்றைத் தொடரச் சொல்லுங்கள்.

இனி, கடலில்லாத ஊரில் செய்யக்கூடிய இரண்டு செயல்பாடுகள். வானவில் மன்றத்திலோ சுற்றுச்சூழல் மன்றத்திலோ செய்யலாம். செலவு ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும்.

ஒன்று, ஓட்டுச் சோதனை. ஏறக்குறைய ஒரே அளவுள்ள மூன்று துண்டுகள் வேண்டும்: வழவழப்பான தரை ஓடு, நாட்டு ஓடு, துளையுள்ள சிமெண்டுக் கல். கயிற்றில் கட்டி, ஏரித் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் ஒரே ஆழத்தில் தொங்கவிட வேண்டும். வெயில் படும் இடமாக இருக்கட்டும். ஏரியிலேயே தொங்கவிடுவதானால் ஆசிரியர்தான் இறக்க வேண்டும். மாணவர்களைத் தண்ணீர் ஓரத்துக்கு அனுப்ப வேண்டாம். வாரம் ஒருமுறை எடுத்து, 10 செ.மீ. × 10 செ.மீ. கட்டத்தாளை நூறு சிறு கட்டங்களாகக் கோடிட்ட கண்ணாடித்தாளை மேலே வைத்து, பாசி படிந்த கட்டங்களை எண்ண வேண்டும். நூறில் எத்தனை என்பதே சதவீதம். கடலாய்வாளர்கள் பவளப் பரப்பை மதிப்பிடவும் இதே மாதிரிச் சட்டங்களைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு முறையும் சொரசொரப்பான ஓடு முந்துகிறது. சிமெண்டுக் கல் முதல் இரண்டு வாரம் பின்தங்குவதும் உண்டு; புதுச் சிமெண்டின் காரத்தன்மை அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதை மாணவர்களே ஊகிக்கும்படி விட்டுவிடலாம். துளைக்குள் நத்தைக் குஞ்சு ஏறியிருந்தால் அன்றைக்கு வேறு பாடம் நடத்த முடியாது.

இரண்டு, அலைத் தொட்டி. நீளமான பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு முனையில் மணலைச் சரிவாகக் குவித்து, மறுமுனையில் தண்ணீர் ஊற்றி, ஒரு பலகையால் சீராக நூறு முறை தள்ள வேண்டும். மணல்கரை எவ்வளவு பின்வாங்கியது என்பதை அளவுகோலால் அளக்கலாம். பிறகு நடுவில் முழுச் செங்கற்களை வைத்து ஒருமுறை, இடைவெளி விட்டு வைத்து ஒருமுறை, துளையுள்ள கற்களை வைத்து ஒருமுறை. பலகையை ஒரே மாணவர் ஒரே வேகத்தில் தள்ளுவது முக்கியம். மாறி மாறித் தள்ளினால் முடிவு மாறிவிடும். மாறி மாறித்தான் தள்ளுவேன் என்று அடம்பிடிப்பார்கள். அதையே 'மாறிகளைக் கட்டுப்படுத்துதல்' பற்றிய பாடமாக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இராமேசுவரம், கன்னியாகுமரிப் பயணங்களில் சங்கு, சிப்பிக் கடைகள் முன்னால் பிள்ளைகள் கூடுவது இயல்பு. அங்கே வெள்ளையாகக் கிளைத்த கல்போன்ற பொருளை யாராவது நீட்டினால், அது பவளத்தின் எலும்புக்கூடு. கல்பவளங்கள் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். பேருந்தில் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். கடைவாசலில் சொன்னால் காதில் ஏறாது. புதுச்சேரிக்குப் போனால் காந்தி சிலையருகே மணலில் நின்று, வடக்கே கருங்கல் மட்டும் உள்ள கரை எங்கே தொடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மணலும் கல்லும் மாறும் இடத்தைக் குறிப்பேட்டில் வரைந்து, அலை எங்கே உடைகிறது என்பதை ஒரு கோடாகப் போட்டு வரட்டும். பள்ளிக்குத் திரும்பியதும் அலைத் தொட்டியின் பக்கத்தில் அந்தப் படத்தை ஒட்டி வைத்துப் பேசலாம்.